கைதட்டலும் விசுவாசமும்: உதைபந்தாட்ட ரசிகர்களைப் பற்றிய சில நூல்கள்

நோர்வூட் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொகவந்தலாவைக்கும் மற்றது மஸ்கெலியாவுக்கும் செல்கிறது. எங்கள் வாப்பாவின் பலசரக்குக் கடை அந்த பஜாரில்தான் இருந்தது. 1990 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியின் முதல் நாளன்று, கடையின் பின்னறையில் இருந்த சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் தோட்டத்துப் பிள்ளைகளும் பஸ் சாரதிகளும் இஷா தொழுதுவிட்டு வந்தவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மரடோனாவின் ஆர்ஜன்டீனாவை கெமரூன் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. அறையே எழுந்து கூத்தாடியது. எங்களில் ஒருவருக்கேனும் கெமரூன் உலகப் படத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் அன்றிரவு அந்த வெற்றி எங்களுடைய வெற்றியாகத்தான் இருந்தது.

அதே அறையில் கிரிக்கெட் பார்க்கும்போது நிலைமை வேறு. இலங்கையும் இந்தியாவும் ஆடினால் லயத்திலிருந்து வந்த பையன்களைப் பார்த்து யாராவது ஒருவர், "நீங்கல்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பாகிஸ்தான் ஆடினால் அதே கேள்வி வாப்பாவிடம் வரும். கேட்பவர் சிரித்துக்கொண்டுதான் கேட்பார். பதில் சொல்பவரின் முகத்தில் சிரிப்பு இருக்காது. "நல்லா வெளையாடுறவன் பக்கம்" என்று சொல்லிவிட்டு வாப்பா எழுந்து கடைக்குள் போய்விடுவார்.

அதே 1990 ஆம் ஆண்டில்தான் நோர்மன் டெபிட் என்ற பிரித்தானிய அரசியல்வாதி இந்தக் கேள்வியைப் பகிரங்கமாகக் கேட்டார். ஆசியாவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்தே அவர்களது விசுவாசத்தை அளக்கலாம் என்பது அவரது வாதம். இந்தப் பரீட்சை நமக்குப் புதியதன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களிடம், இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்பதற்குத் தாள் வடிவில் அத்தாட்சி கேட்டது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் முஸ்லிம்கள் பெயரைக் கொண்டும் உடையைக் கொண்டும் நிறுக்கப்பட்டார்கள். விசுவாசத்தை நிரூபிக்கும்படி ஓயாமல் கேட்கப்படுகின்ற இரண்டு சமூகத்தவர் ஒரே பஜாரில் வாழ்ந்துவருகிறோம்.

உதைபந்தாட்டத்தில் மட்டும் இந்தக் கேள்வி எழுவதில்லை. காரணம் எளியது. இலங்கை உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஒருபோதும் ஆடியதில்லை. ஆகவே பிரேசிலுக்குக் கைதட்டுபவனை எவரும் துரோகி என்பதில்லை. சிங்களச் சாரதியும் முஸ்லிம் கடைக்காரரும் தோட்டத்துப் பையனும் ஒரே கொடியைக் கடைவாசலில் கட்டிக்கொள்ளலாம். எவரும் கேட்காத, எவருக்கும் நிரூபிக்கத் தேவையில்லாத ஒரு விசுவாசத்தை மனிதர் தாமாகவே விரும்பித் தருகிறார்கள். உதைபந்தாட்ட நூல்களை நான் தேடி வாசிக்கத் தொடங்கியதும் இதனால்தான். கோல்களையும் கிண்ணங்களையும் எண்ணிக் காட்டும் நூல்கள் ஏராளம். மைதானத்தின் ஓரத்தில் நிற்பவன் எதற்காக நிற்கிறான் என்று கேட்கும் நூல்கள் குறைவு. அத்தகைய ஆறு நூல்களை, அவற்றின் குறைகளோடு, இங்கே வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். ஆங்கிலத்தில் ஓரளவு பழக்கமுள்ள எவரும் இவற்றை வாசிக்கலாம்.

முதலில் வாசிக்கவேண்டியது உருகுவே எழுத்தாளர் எடுவார்டோ கலியானோவின் 'வெயிலிலும் நிழலிலும் உதைபந்தாட்டம்'. 1995 ஆம் ஆண்டு ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று சிறு சிறு அத்தியாயங்கள். பந்து, நடுவர், கோல் காப்பாளர், ரசிகன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம். ரசிகனையும் வெறியனையும் அவர் தனித்தனியே எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. முன்னவன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறான். பின்னவனுக்கு ஆட்டமே கண்ணில் படுவதில்லை. 1950 ஆம் ஆண்டு ரியோவின் மரக்கானா அரங்கில் உருகுவே இரண்டுக்கு ஒன்று என பிரேசிலை வென்ற கதையும் இதில் உண்டு. வெற்றி பெற்ற அணியின் தலைவர் ஒப்துலியோ வரேலா, அன்றிரவு தன் அணியினரோடு கொண்டாடாமல், ரியோவின் மதுக்கடைகளில் அழுதுகொண்டிருந்த பிரேசில் ரசிகர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வென்றவன் தோற்றவனின் துக்கத்துக்குப் போய் இருந்த இந்தக் கதைக்காகவே இந்நூலை வாங்கலாம்.

ஆயினும் கலியானோவை வரலாற்றாசிரியராக எண்ணிவிடக்கூடாது. 1942 ஆம் ஆண்டு நாஜிகளின் பிடியிலிருந்த கீவ் நகரில் ஜேர்மன் அணியை வென்ற வீரர்கள் ஆட்டம் முடிந்த கையோடு, அணிந்திருந்த உடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று எழுதுகிறார். கைதுகள் நாட்கள் கழித்தே நிகழ்ந்தன என்பதும், வீரர்களில் சிலரே பின்னர் கொல்லப்பட்டனர், மற்றவர்கள் தப்பிப் பிழைத்தனர் என்பதும் பிந்திய ஆய்வுகளால் தெளிவாகியுள்ளன. உண்மையே போதிய அளவு கொடியதாக இருக்கையில் அதன்மேல் கதை சேர்ப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம்முடைய கலவரங்களை எழுதுபவர்களும் நினைவிற்கொள்ளவேண்டிய பாடம் இது.

இரண்டாவது, இங்கிலாந்தின் நிக் ஹோர்ன்பி 1992 இல் எழுதிய 'ஃபீவர் பிட்ச்'. ரசிகன் ஒருவன் தன்னையே எழுதிய நூல். 1968 இல், பெற்றோர் பிரிந்துபோன காலத்தில், பிள்ளையோடு பொழுதைக் கழிக்க வேறு வழி தெரியாத தந்தை, பதினொரு வயது மகனை ஆர்சனல் கழகத்தின் ஆட்டத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கிருந்து கதை தொடங்குகிறது. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு போட்டியின் திகதிதான் தலைப்பு. காதல், வேலை, மனச்சோர்வு எல்லாம் அந்தத் திகதிகளுக்கு இடையில் நுழைந்து வருகின்றன. 1989 மே மாதம் லிவர்பூலின் மைதானத்தில் கடைசி நிமிடத்தில் விழுந்த கோலினால் ஆர்சனல் பதினெட்டு ஆண்டுகளின் பின் லீக் கிண்ணத்தை வென்ற இரவை அவர் எழுதியிருக்கும் விதம், ஆர்சனல் யாரென்று தெரியாதவரையும் பதறவைக்கும்.

ஹோர்ன்பியின் பலம் நேர்மை. தன் பித்தைப் பெருமையாகவும் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 15 ஆம் திகதி ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்ததை எழுதும்போது, அதன் பின்னும் ஆட்டம் தொடர்ந்ததையும் தான் தொடர்ந்து பார்த்ததையும் ஒளிக்காமல் சொல்கிறார். அந்த அனர்த்தத்தில் இறந்தவர்களின் தொகை பின்னாளில் 97 ஆகப் பதிவானது. பழியை ரசிகர்கள்மேல் போட்ட பொலிஸ் கூற்று பொய் என்பதை நிலைநாட்ட அக்குடும்பங்கள் 2016 ஆம் ஆண்டின் மரண விசாரணைத் தீர்ப்புவரை, இருபத்தேழு ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது. ஆனாலும் ஹோர்ன்பியின் உலகம் மைதானத்தில் ஓர் இடம் உறுதியாக உள்ளவனின் உலகம். அவனுக்கு உள்ளே நுழைவதில் தடையில்லை. விட்டு வெளியேற முடியாததுதான் அவனுடைய துயரம். நம்மவர் அறிந்த துயரம் நேர் எதிரானது.

மூன்றாவது நூலைத் தயக்கத்துடன்தான் பரிந்துரைக்கிறேன். 'கிராண்டா' சஞ்சிகையின் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் பில் புஃபோர்ட், மென்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்களோடு பல ஆண்டுகள் அலைந்து எழுதிய 'அமங் த தக்ஸ்' அது. 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. இத்தாலியின் டூரின் நகரில் ஒரு கும்பல் தெருவில் இறங்குவதை அவர் கூடவே ஓடி எழுதுகிறார். அந்தக் கும்பலில் இருப்பவர்கள் வறுமையால் வெறிகொண்டவர்களல்லர். தொழில் உள்ளவர்கள், குடும்பம் உள்ளவர்கள். கும்பலுக்குள் தன்னை இழப்பதில் ஓர் இன்பம் இருப்பதையும், அந்த இன்பத்தைத் தானும் ருசித்ததையும் புஃபோர்ட் ஒப்புக்கொள்கிறார். நூலின் மிகத் துணிவான பகுதி அதுவே.

1983 ஐயும் அளுத்கமையையும் திகனையையும் கண்ட நாட்டில் இந்நூலை வாசிப்பது இலகுவானதல்ல. நமது பக்கத்துத் தெருக்காரன் எப்படிக் கும்பலானான் என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. மறுபாதி இல்லை. 1983 இல் கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. இன்பத்துக்காக ஓடிய கூட்டத்துக்குப் பட்டியல் தேவைப்படாது. கும்பலின் மனத்தைத் துருவிய புஃபோர்ட், கும்பலை ஏற்றி அனுப்புபவனைத் தேடிப் போகவில்லை.

நான்காவது, சைமன் கூப்பர் 1994 இல் எழுதிய 'ஃபுட்போல் அகெயின்ஸ்ட் த எனிமி'. இருபத்திரண்டு நாடுகளுக்குப் பயணம் செய்து, ஆட்டத்துக்கும் அரசியலுக்குமுள்ள உறவைத் தேடிய நூல். பயண நூல்களுக்குரிய அவசரம் இதிலும் உண்டு. சில நாடுகளை ரயில் ஜன்னலால் பார்த்ததுபோல் கடந்துவிடுகிறார். ஆனால் கிழக்கு பேர்லின் ரசிகர் ஒருவரைப் பற்றிய அத்தியாயம் மறக்க முடியாதது. அவர் நேசித்த ஹெர்த்தா கழகம் மேற்கு பேர்லினில் இருந்தது. 1961 இல் நகரின் நடுவே சுவர் எழும்பியது. கழகத்தின் மைதானம் சுவருக்கு அண்மையில் இருந்ததால், ஆட்டம் நடக்கும் நாட்களில் அவரும் நண்பர்களும் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். ஆட்டம் தெரியாது. கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் கேட்கும். அந்தப் பக்கத்தில் எழும் சத்தத்துக்கு இந்தப் பக்கத்தில் நின்று ஆரவாரிப்பார்கள். இந்த நேசத்துக்காக இரகசியப் பொலிஸ் அவரை ஆண்டுக்கணக்காகக் கண்காணித்தது.

அந்த அத்தியாயத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் கடைக்கு வரும் தபால்கள் நினைவுக்கு வந்தன. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் அண்ணன் கூடலூருக்கும் தம்பி நோர்வூட்டுக்குமாகப் பிரிந்துபோன குடும்பங்களுக்கு, கடையின் முகவரிக்கும் கடிதங்கள் வருவதுண்டு. சுவர் எழுப்பாமலேயே பிரித்துவிட்ட ஓர் ஏற்பாடு அது. அக்கரையின் சத்தம் இவர்களுக்குக் கடிதமாகத்தான் கேட்டது.

ஐந்தாவது நூல் நமது சஞ்சிகையின் வாசகர்களுக்கு மிக நெருக்கமானது. போரியா மஜும்தாரும் கௌசிக் பந்தியோபாத்யாயும் இணைந்து எழுதி 2006 இல் வெளிவந்த, இந்திய உதைபந்தாட்டத்தின் சமூக வரலாறு. 1911 இல் மோகன் பகான் கழகத்தவர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றதைப் பலர் அறிவர். அதைவிட நம் கவனத்துக்குரியது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் வரலாறு. 1891 இல் தொடங்கப்பட்ட இக்கழகம் 1934 இல் கல்கத்தா லீக் கிண்ணத்தை வென்ற முதலாவது இந்திய அணியானது. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளையர் அணிகளையே வீழ்த்திவந்த அக்கழகத்தின் வெற்றி, வங்காளத்து முஸ்லிம்களுக்கு ஆட்டத்தின் வெற்றிக்கு மேலான ஒன்றாக இருந்தது.

இந்நூலாசிரியர்களைப் பாராட்டவேண்டியது, அந்தப் பெருமிதத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமைக்காக. வெள்ளையருக்கு எதிராகத் திரண்ட ஆரவாரம், அந்தத் தசாப்தத்தின் அரசியலில் மெல்ல மெல்ல அயலவருக்கு எதிரானதாகவும் மாறியது. கழகத்தின் பெயர் சிலருக்கு நிழலாகவும் வேறு சிலருக்கு வேலியாகவும் ஆனது. நம்முடைய கழகம், நம்முடைய வெற்றி என்று பெருமைப்படும் எவரும், அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் யார் யாரை விட்டுவைக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

கடைசியாகச் சொல்லும் நூலே எனது தெரிவில் முதலாவது. சக் கோர், மார்வின் குளோஸ் ஆகியோர் 2008 இல் வெளியிட்ட, தென்னாபிரிக்காவின் ரொபன் தீவுச் சிறையில் நடந்த உதைபந்தாட்டம் பற்றிய நூல். கல்லுடைக்கும் அரசியல் கைதிகள் 1960களின் நடுப்பகுதியில், விளையாட அனுமதி தாருங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். வாரத்துக்கு வாரம் கேட்டார்கள். கேட்டதற்காகத் தண்டனையும் பெற்றார்கள். 1967 இன் இறுதியில்தான் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் வியப்பு. ஃபீஃபாவின் விதிகளை முன்வைத்து, யாப்பு எழுதி, 'மகானா உதைபந்தாட்டச் சங்கம்' என்று ஒன்றை அமைத்தார்கள். கழகங்கள், பிரிவுகள், நடுவர்கள், முறைப்பாட்டுக் குழு, கடிதப் போக்குவரத்து எல்லாம் முறைப்படி நடந்தன. முதலில் கழகங்கள் கட்சி வழியாகப் பிரிந்து நின்றன. ஆனால் 'மனோங்' என்ற கழகம் எந்தக் கட்சிக்காரரையும் சேர்த்துக்கொண்டது. தனிப் பிரிவில் அடைக்கப்பட்டிருந்த மண்டேலா இந்த ஆட்டங்களில் சேர்ந்துகொள்ள அனுமதிக்கப்படவில்லை. 2007 இல் ஃபீஃபா அந்தச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்புரிமை வழங்கியது.

குடிமக்களாக மதிக்கப்படாதவர்கள் ஒரு சிறு குடியரசையே நடத்திப் பார்த்த கதை என்று இதைச் சொல்லலாம். விதியை மதிப்பதற்கு அவர்களுக்குச் சிறை அதிகாரி தேவைப்படவில்லை. நூலின் நடை சற்றுத் தட்டையானதுதான். கலியானோவின் ஒரு வரியில் உள்ள வெளிச்சம் இதன் ஒரு பக்கத்தில் இல்லை. ஆனாலும் முறைப்பாட்டுக் கடிதங்களைப் பற்றிய பகுதிகளை வாசிக்கையில் நெஞ்சு நிறைகிறது. ஆட்டம் மனிதர்களுக்கு என்ன தருகிறது என்ற கேள்விக்கு, நான் வாசித்தவற்றுள் மிகத் தெளிவான விடை இந்த நூலில்தான் உண்டு.

இந்த ஆறு நூல்களையும் சேர்த்துப் பார்க்கையில் இரண்டு குறைகள் தெரிகின்றன. ஆறையும் எழுதியவர்கள் ஆண்கள். மைதானத்தில் ஓர் இடத்துக்காகப் பெண்கள் தந்த விலையை அறிய வேறு நூல்களைத்தான் தேடவேண்டும். 1921 இல் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடி, அரை நூற்றாண்டுக்குத் திறக்காமல் வைத்திருந்தது. இரண்டாவது குறை, மைதானத்தைக் கட்டியவன் இந்நூல்களில் அருகியே தென்படுகிறான். 2022 இல் கட்டாரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மொரோக்கோ அரையிறுதிக்கு வந்தபோது, ஆபிரிக்காவும் அரபுலகும் சேர்ந்து மகிழ்ந்தன. நாமும் மகிழ்ந்தோம். அந்த அரங்குகளைக் கட்டியவர்களோ நேபாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன தொழிலாளர்கள். அவர்களின் கதை இன்றி இனி ஓர் உதைபந்தாட்ட நூல் முழுமையாகாது.

ரசிகனின் அன்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையும் கேட்டாகவேண்டும். 2017 இல் முஹம்மத் சலாஹ் லிவர்பூலில் சேர்ந்த பின்னர், அந்தப் பிரதேசத்தில் வெறுப்புக் குற்றங்கள் 16 சதவீதம் அளவில் குறைந்தன என்று 2021 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நல்ல செய்தி. ஆனால் 2018 இல் மெசுட் ஓசில், வென்றால் தன்னை ஜேர்மனியராகவும் தோற்றால் வந்தேறியாகவும் பார்க்கிறார்கள் என்று மனம்நொந்து தேசிய அணியிலிருந்து விலகினார். கோல் போடும் வரைதான் அன்பு என்றால், அதுவும் ஒருவகையில் டெபிட்டின் பரீட்சையே. வாப்பா பதில் சொல்லாமல் எழுந்து போனதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இனி எங்கள் மைதானத்துக்கு வருவோம். நோர்வூட் மைதானத்தை வெளியூரார் இரண்டு நாட்களால் அறிவார்கள். 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அங்கே உரையாற்றினார். 2020 மே மாத இறுதியில் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியைகள் அங்கே நடைபெற்றன. இரண்டும் செய்திகளாகின, படங்களாகின. மற்ற நாட்களில் அங்கே பந்து உருள்வது எந்த ஏட்டிலும் பதியவில்லை. இங்கிருந்து சற்றுத் தூரத்தில், டிக்கோயா தரவளையில், வெள்ளைத் துரைமார் கழகம் அமைத்துத் தமக்கென மைதானம் வைத்திருந்தார்கள். அவர்களின் ஆட்டங்களுக்கு வரலாறு உண்டு. தேயிலைச் சரிவில் கொஞ்சம் மட்டமான இடம் பார்த்து, பிரட்டுக்களத்தில் ஆள் கலைந்த பின்னர் ஆடியவர்களுக்கு இல்லை. பந்து கானுக்குள் போனால் யார் போய் எடுப்பது, பனி மூடிவிட்டால் கோலை யார் தீர்மானிப்பது என்பதற்கெல்லாம் அவர்களிடமும் எழுதாத ஒரு யாப்பு இருந்தது.

மலையக இலக்கியம் நமக்குப் பெருஞ்செல்வம். சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் லயத்தையும் கொழுந்தையும் நாடற்ற நிலையையும் எழுதி வைத்தார்கள். ஆனால் அந்த மக்கள் மகிழ்ந்த மாலைகள் நம் பக்கங்களில் அருமையாகவே வருகின்றன. முஸ்லிம் எழுத்தாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. பந்தின் பின்னால் ஓடுவது வீண்பொழுது என்று நம் பெரியவர்கள் கண்டிப்பதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் நம் பிள்ளைகள் எதை நேசிக்கிறார்கள் என்பதை அறியாத இலக்கியம் அவர்களிடம் எதைச் சொல்லப்போகிறது? துயரத்தை மட்டும் எழுதினால், நம்மைப் பார்த்து இரங்குபவர்களுக்குத்தான் அது பயன்படும்.

ஆகவே இளம் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆறையும் வாசியுங்கள். முடிந்தவர்கள் ரொபன் தீவு நூலையாவது தமிழுக்குக் கொண்டுவாருங்கள். பின்னர் ஒரு கொப்பியோடு மைதானத்துக்குப் போங்கள். பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். யார் முன்னால் ஆடினார்கள், பந்து வாங்கக் காசு எப்படிச் சேர்ந்தது, எந்தத் தோட்டம் எந்தத் தோட்டத்தை வென்றது என்று கேட்டு எழுதுங்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை அவர்களிடம் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.